லயத்தில் தங்குவதா, ஊருக்கு இறங்குவதா: பெருந்தொற்றுக் காலத்தில் ஏலமலைக் குடும்பங்கள் எடுக்க வேண்டிய முடிவு

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ‘அனைவரும் வீட்டிலேயே இருங்கள்’ என்ற அரசு அறிவிப்பு வரும்போது எழும் முதல் கேள்வி, எந்த வீட்டில் என்பதுதான். ஆண்டின் பெரும்பகுதி தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்பில், கழிகிறது. ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் வயதான பெற்றோரும் கூடலூரிலோ தேவாரத்திலோ போடி அருகே உள்ள ஒரு சிற்றூரிலோ இருக்கிறார்கள். பல குடும்பங்களில் பிள்ளைகள் படிப்பதும் அங்கேதான். இந்த இரண்டு இருப்பிடங்களுள் எது உடலுக்கும் மனத்துக்கும் ஏற்றது என்பதையும், வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்துவிட்டால் அவரை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்ப்பதா, அரசு நடத்தும் பராமரிப்பு மையத்துக்கு அனுப்புவதா என்பதையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கோவிட் உலகளாவிய அவசரநிலை முடிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. ஆனால் எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்கு இது பழங்கதை ஆகிவிடவில்லை. 2018இல் கோழிக்கோட்டிலும், 2023இல் மீண்டும் அங்கேயும், 2024இல் மலப்புறத்திலும் நிபா வைரஸ் நோய் தலைகாட்டியபோதெல்லாம் தமிழக எல்லைச் சோதனைச் சாவடிகளில் காய்ச்சல் பரிசோதனை தொடங்கியது. சாவடி மூடப்படும் நாள் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முடிவைச் சாவடி திறந்திருக்கும்போதே எடுத்துவைப்பது நல்லது.

தாமதமான முடிவு என்ன செய்யும் என்பதற்கு 2020 மார்ச்சைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்ட நாடு தழுவிய ஊரடங்கு நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். அதற்கு முன்பே மாநில எல்லைகளில் கெடுபிடி தொடங்கிவிட்டதால், தினமும் ஆட்களை ஏற்றிச் சென்ற ஜீப்புகள் நின்றுபோயின. சாலை வழி அடைபட்ட நிலையில் கேரளத் தோட்டத்திலிருந்து காட்டுப்பாதையில் நடந்தே ஊர் திரும்ப முயன்ற ராசிங்காபுரம் பகுதித் தொழிலாளர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். குழந்தை உட்படச் சிலர் உயிரிழந்தார்கள். அந்த வாரத்தில் அவர்கள் பயந்தது கிருமிக்கு மட்டும் அன்று; வேலையும் கூலியும் இல்லாமல் மலைமேல் மாட்டிக்கொள்வதற்கும்தான். எனவே இந்த ஒப்பீட்டில் முதலில் நீக்கிவிட வேண்டிய வழி ஒன்று உண்டு. எல்லை மூடிய பிறகு குறுக்கு வழியில் இறங்குவது எந்தச் சூழ்நிலையிலும் தெரிவாகாது.

இனி லயத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் மரங்களும் குளிர்ந்த காற்றும் இருப்பதால் அங்கே நோய் அண்டாது என்று நம்புகிறவர்கள் பலர். தோட்டத்தில் இடைவெளி விட்டுச் செடியடியில் வேலை செய்யும்போது தொற்றும் வாய்ப்பு குறைவு என்பது உண்மையே. ஆனால் காற்றில் பரவும் நோய்க்கு முக்கியமானது நாம் உறங்கும் அறையின் காற்று. பெரும்பாலான லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டுமே உண்டு. சிலவற்றில் இடைச்சுவர் கூரை வரை எட்டுவதில்லை. பக்கத்து வீட்டு இருமல் தலைமாட்டிலேயே கேட்கும். குளிருக்கும் சாரலுக்கும் பயந்து சன்னலைச் சாத்திவிட்டால், விறகடுப்புப் புகையும் மூச்சுக்காற்றும் இரவு முழுவதும் உள்ளேயே சுழலும். குழாயடியும் கழிப்பறையும் பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கும் இடங்களில், ஒரு வீடு மட்டும் தனித்திருப்பது என்பது நடைமுறையில் இயலாது. தனித்திருந்தால் அந்த வரிசை முழுவதும் சேர்ந்துதான் தனித்திருக்க வேண்டும்.

இதற்கு ஓரளவு மாற்று உண்டு. எதிரெதிரான இரண்டு திறப்புகளைப் பகலில் முழுமையாகவும் இரவில் ஒரு கையளவேனும் திறந்துவைப்பது, ஒரே சன்னல் இருந்தால் மேசை மின்விசிறியை அதில் வெளிப்பக்கம் பார்த்து வைத்து உள்காற்றைத் தள்ளுவது, பொதுக் கழிப்பறையை முகக்கவசத்தோடு பயன்படுத்துவது, குழாயடிக்கு வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துப் போவது ஆகியவை செலவில்லாதவை. இவற்றை லயத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டால்தான் பயன் இருக்கும். கூடிப் பேசக்கூடிய லயமா என்பதை அங்கு வாழ்பவர்களே அறிவார்கள். முடிவெடுக்கும்போது அறையின் அளவுக்கு இணையாக இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

லயத்தின் பெரிய நன்மை வருமானம். 2020 ஏப்ரல் 20 முதல் சில துறைகளுக்குத் தளர்வு அளிக்கப்பட்டபோது, நறுமணப் பயிர்த் தோட்டங்களும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மேலே தங்கியிருந்தவர்களுக்கு ஓரளவு கூலி கிடைத்தது. கீழே இறங்கியவர்கள் எல்லை தாண்டுவதற்கான பாஸ் கிடைக்கும்வரை காத்திருந்தார்கள். கடன் அடைக்க வேண்டிய குடும்பத்துக்குக் கையில் காசு இல்லாமையே தூக்கத்தைக் கெடுக்கும் முதல் காரணம் என்பதால், இதைப் பொருளாதாரக் கணக்கு என்று ஒதுக்கிவிட்டு மனநலத்தைப் பேச முடியாது.

அதே வேளையில் மழைக்காலத்தையும் மறக்கக் கூடாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்ததில் 70 பேர் மாண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அதுவும் பெருந்தொற்றின் நடுவேதான் நிகழ்ந்தது. சரிவின் அடியிலோ ஓடைக்கரையிலோ உள்ள லயமாக இருந்தால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ‘வீட்டிலேயே இருப்பது’ பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளவே முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை, மற்ற எல்லாக் கணக்குகளையும் தள்ளிவைத்துவிட்டு மே மாதத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதே.

உணவும் மருந்தும் சுருக்கமாக. 2020இல் கேரளம் தன் ரேஷன் அட்டைதாரர் அனைவருக்கும் 17 பொருள்கள் கொண்ட இலவசப் பையைத் தந்தது. தமிழகம் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் பொருள்களும் தந்தது. தமிழக அட்டையோடு கேரளத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் எளிதில் கைக்கு வரவில்லை. உள்ளாட்சிகள் நடத்திய சமுதாயச் சமையற்கூடங்கள்தான் பலருக்குச் சோறிட்டன. 2020 அக்டோபரில் தமிழகம் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் சேர்ந்த பிறகு, முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகள் வைத்திருப்போர் தங்கள் தானியத்தை வேறு மாநிலக் கடையிலும் வாங்கலாம். கைரேகை பதிய வேண்டும் என்பதால், அட்டையில் பெயர் உள்ள ஒருவராவது மேலே இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இரு மாநில ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் இலவசம். தமிழகக் கிராமங்களில் 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக அவை வீட்டுக்கே வருகின்றன. எந்தப் பக்கம் உங்கள் சிகிச்சைச் சீட்டு இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் மாத்திரை தடையின்றிக் கிடைக்கும். இரண்டு பக்கமும் சீட்டு வைத்திருப்பது இன்னும் நல்லது.

ஊர்வீட்டுக்கு வருவோம். பொதுவாக அது லயத்தைவிடப் பெரியது. திண்ணையும் முற்றமும் மாடியும் இருக்கலாம். தனிக் கழிப்பறை இருந்தால் அதுவே பெரிய வேறுபாடு. ஆனால் அந்த வீட்டில்தான் அப்பத்தாவும் தாத்தாவும் இருக்கிறார்கள், அண்ணன் குடும்பம் இருக்கிறது, வெளியூரில் வேலை பார்த்த தம்பியும் அதே வாரத்தில் வந்து சேர்கிறார். மூன்று திசைகளிலிருந்து வந்தவர்கள் ஒரு கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் முதல் வாரம்தான் முதியவர்களுக்கு ஆபத்தான வாரம். கோவிட் தொற்று வெளிப்பட 2 முதல் 14 நாள்கள் வரை ஆகலாம் என்பதால்தான் வந்தவர்களை 14 நாள்கள் தனித்திருக்கச் சொன்னார்கள். வாழ்வு முழுக்கப் பிள்ளைகளை எதிர்பார்த்திருந்த தாயிடம் ‘வாசலிலேயே நின்று பேசுங்கள்’ என்று சொல்வது கடினம். அதை நாம் ஊருக்குப் புறப்படும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டால், வாசலில் நிற்கும்போது மனத்தாங்கல் வராது.

எனக்குத் தெரிந்தவரை இந்தச் சிக்கலுக்கு மிக நல்ல விடை கீழே ஊரை ஒட்டிய தோட்டத்து வீடு. திராட்சைத் தோட்டத்திலோ வாழைத் தோப்பிலோ மோட்டார் அறையை ஒட்டி ஓர் அறை பல குடும்பங்களிடம் உண்டு. அதற்கு வெள்ளையடித்து, சன்னலுக்கு வலையடித்து, தண்ணீரும் கழிப்பறையும் செய்துவைத்தால், வருகிறவர்கள் முதல் இரண்டு வாரம் அங்கே இருக்கலாம். பின்னர் யாருக்கேனும் நோய் வந்தால் தனிமை அறையும் அதுவே. ஏப்ரல், மே வெயிலில் தகரக் கூரையின் கீழ் பகலில் இருக்க முடியாது என்பதால் கூரைமேல் தென்னங்கீற்று பரப்ப வேண்டும். சொந்தத் தோட்டம் இல்லாதவர்கள், உறவிலோ அண்டையிலோ பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைக் குறிப்பிட்ட காலத்துக்கு முன்கூட்டியே பேசிவைக்கலாம்.

மனத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 2020 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, முந்தைய தொற்றுகளில் தனிமைப்படுத்தப்பட்டவர்களை வாட்டியவை எவை என்று தொகுத்தது: தனிமை நீண்டுகொண்டே போவது, தொற்றிவிடுமோ என்ற பயம், சலிப்பு, அத்தியாவசியப் பொருள் போதாமை, தெளிவான தகவல் இல்லாமை, வருமான இழப்பு, பிறர் ஒதுக்கிவைப்பது. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரு இருப்பிடங்களையும் பார்த்தால், நாம் நினைப்பதற்கு மாறான சில முடிவுகள் கிடைக்கின்றன. ஊரில் உறவு உண்டு, ஆகவே மனம் நிம்மதியாக இருக்கும் என்பதே பொது எண்ணம். ஆனால் 2020இல் ‘கேரளாவிலிருந்து வந்தவர்கள்’ என்று தெரிந்ததும் பால் ஊற்றுபவர் வாசலுக்கு வரத் தயங்கினார், குழாயடியில் பேச்சு நின்றது, நோய் உறுதியானால் வீட்டு வாசலில் தகரம் அடிக்கப்பட்டது. சொந்தத் தெருவிலேயே ஒதுக்கப்படுவது, அந்நிய ஊரில் ஒதுக்கப்படுவதைவிட ஆழமாகக் காயப்படுத்தும். லயத்திலோ எல்லோரும் ஒரே நிலையில் இருந்ததால் அந்த விலக்கம் குறைவாக இருந்தது. ஒரு வீட்டில் அரிசி தீர்ந்தால் அடுத்த வீடு தந்தது.

மறுபக்கம், லயத்தில் இருந்தவர்களை அரித்தது ஊரில் உள்ளவர்களைப் பற்றிய கவலை. தாய்க்கு உடம்பு முடியவில்லை என்ற செய்தி வந்தும் மலையிறங்க முடியாத நிலை, இறப்புக்கு முகம் பார்க்க முடியாத நிலை, இவை ஆண்டுகள் கழிந்தும் ஆறாதவை. துக்கத்தில் சேர்ந்து அழுவதும் பதினாறாம் நாள் கூடுவதும் நம் மக்களுக்கு மனத்தின் சுமையை இறக்கிவைக்கும் வழிகள். அவை தடைப்படும்போது துக்கம் உடலில் தலைவலியாகவும் பசியின்மையாகவும் வெளிப்படும். பெற்றோருக்கு ஏற்கனவே தீராத நோய் இருக்கிறது என்றால், கூலி இழப்பு எவ்வளவாக இருந்தாலும், பிள்ளைகளுள் ஒருவராவது ஊரில் இருப்பதுதான் எல்லோருடைய மனநலத்துக்கும் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். யார் அந்த ஒருவர் என்பதை அண்ணன் தம்பிகள் முன்பே பேசி முடிக்க வேண்டும். பேச்சு நடக்காத வீடுகளில் அந்தப் பொறுப்பு கேட்காமலேயே ஒரு மருமகளின் தலையில் விழுகிறது.

பெண்களின் நிலையை ஒப்பிடாமல் இந்தக் கேள்வி நிறைவு பெறாது. ஊரடங்கில் வீடு நிரம்பினால் சமையலும் நீர் சுமப்பதும் நோயாளிப் பணிவிடையும் பெருகுகின்றன. கூட்டுக் குடும்பத்தில் இது பன்மடங்காகும். லயத்தில் வேலை குறைவு, ஆனால் கணவர் அடிப்பவராக இருந்தால் தப்பிச் செல்ல இடமும் குறைவு. அடிக்கும் வீடு எங்கிருந்தாலும் அது தங்கத்தக்க இடம் அன்று. பெண்களுக்கான 181 உதவி எண் இரு மாநிலங்களிலும் உண்டு. ஊரடங்கு விதிகள் உயிராபத்திலிருந்து வெளியேறுபவரைத் தடுப்பதற்காக இயற்றப்பட்டவை அல்ல.

குடிப்பழக்கம் உள்ளவர் வீட்டில் இருந்தால் அது தனிக் கணக்கு. 2020 மார்ச் இறுதியில் இரு மாநிலங்களிலும் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர்கள் திடீரென நிறுத்த நேர்ந்தது. கேரளத்தில் இதனால் தற்கொலைகள் நிகழ்ந்த செய்திகள் வந்தன. மருத்துவர் சீட்டின் பேரில் மது வழங்கலாம் என்ற அரசாணைக்கு ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கை நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, இல்லாததைக் காண்பது, வலிப்பு ஆகியவை முதல் இரண்டு மூன்று நாள்களில் தோன்றலாம். இது உயிருக்கே ஆபத்தான நோய்நிலை. மனவுறுதியால் கடக்கச் சொல்வது தவறு. இப்படிப்பட்டவர் இருக்கும் குடும்பம், மருத்துவமனைக்கு வாகனம் விரைவில் கிடைக்கும் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் அது கீழே உள்ள ஊர்தான்.

அடுத்தது நோயாளியை எங்கே வைப்பது என்ற கேள்வி. வீட்டுத் தனிமைக்குத் தேவையானவை: கதவு சாத்தக்கூடிய, காற்றோட்டமுள்ள ஓர் அறை, முடிந்தால் தனிக் கழிப்பறை, நோயாளியைக் கவனிக்க வயதில் இளைய, வேறு நோய் இல்லாத ஒருவர், வேலை செய்யும் தொலைபேசி, அவசரத்தில் வண்டி. இவை இருந்தால், லேசான நோய்க்கு வீடே சிறந்தது. பழகிய உணவும் பழகிய குரலும் தேறுவதற்குத் துணை செய்யும். கோவிட் போன்ற நுரையீரல் நோயில், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் மிகவும் உதவியது: அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதே அப்போதைய நடைமுறை. குளிர்ந்த விரலிலும் நகச்சாயம் பூசிய விரலிலும் அது தவறாகக் காட்டும். மலைக்குளிரில் கையைத் தேய்த்துச் சூடாக்கிய பின்பே பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் இறங்குவதும், முதல் வாரம் நன்றாக இருந்தவர் அதன் முடிவில் மோசமாவதும் இந்த நோயில் கண்டவை. ஆகவே காய்ச்சல் விட்டுவிட்டது என்று கவனிப்பை நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடுவது கொடிய தவறு. 2021இல் கரும்பூஞ்சை நோய் பரவியதில், கட்டுப்படாத சர்க்கரையும் அளவுமீறிய ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்களாக இருந்தன.

மேற்சொன்ன அறையும் ஆளும் இல்லாத லயத்து வீட்டில் நோயாளியை வைத்திருப்பதைவிட மையத்துக்கு அனுப்புவதே சரி. வீட்டில் தனிமை வசதி இல்லாதவர்களுக்கென்றே 2021இல் கேரள உள்ளாட்சி அமைப்புகள் டி.சி.சி. (டொமிசிலியரி கேர் சென்டர்) எனப்படும் மையங்களைத் திறந்தன, தமிழகத்தில் கல்லூரிகளும் பள்ளிகளும் கோவிட் பராமரிப்பு மையங்களாக மாறின. அங்கே செவிலியர் கண்காணிப்பு உண்டு, உணவு உண்டு, நிலைமை மோசமானால் மாற்றி அனுப்பும் ஏற்பாடு உண்டு. குறை தனிமையுணர்வுதான். முதியவருக்கு இரவில் எழுந்தால் எங்கே இருக்கிறோம் என்று குழம்பும். மலையாளம் மட்டும் அறிந்த ஊழியரிடம் வலியைச் சொல்லத் தமிழ் மூதாட்டி திணறுவார். சார்ஜரோடு ஒரு பட்டன் போன், கண்ணாடி, பல்செட், வழக்கமான மாத்திரைகள், அவற்றின் பெயரெழுதிய தாள், நாள்தோறும் ஒரே நேரத்தில் வீட்டிலிருந்து ஓர் அழைப்பு, இவை அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும். மையத்துக்கு அனுப்பியதைக் கைவிட்டதாக எண்ணிப் பிள்ளைகள் குமைய வேண்டியதில்லை.

எத்தனை நாள் தனிமை என்பதில் பழைய எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கோவிட் காலத்திலேயே வீட்டுத் தனிமை 17 நாள்களில் தொடங்கி, 10 ஆகி, 2022 ஜனவரியில் 7 ஆனது. அடுத்து வரும் நோய் எதுவோ, அதற்கு அப்போது சொல்லப்படும் கணக்கே பொருந்தும். நிபா போன்ற நோயை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கே தங்கினாலும் உடலை அசைக்காமல் இருக்கக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு பெரியவர்களுக்குத் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஏலக்காட்டில் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்தவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவரே ஊர்வீட்டில் மாதக்கணக்கில் தொலைக்காட்சி முன் அமர்ந்தால் முதலில் மூட்டும் பிறகு மனமும் இறுகும். மாடியில் காலையும் மாலையும் நடப்பது, முற்றத்தில் கீரைப்பாத்தி போடுவது, செய்தியை நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பது என்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆக, திடகாத்திரமான கணவன் மனைவி, தனிக் கழிப்பறையுள்ள லயம், சரிவில்லாத இடம் என்றால் மேலே தங்கலாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி உள்ள குடும்பம் முதல் செய்தி வந்த வாரத்திலேயே இறங்கி, தோட்டத்து வீட்டில் இரண்டு வாரம் இருந்த பின் ஊர்வீட்டில் சேர்வதே மேல். இரண்டு இடத்தாரும் சில எண்களை எழுதி ஒட்டிவைக்க வேண்டும்: மனநல உதவிக்கு 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலி மானஸ், மலையில் இருந்து அழைத்தாலும் தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம். உடல்நல ஆலோசனைக்குக் கேரளத்தில் திசா 1056, தமிழகத்தில் 104. ஆம்புலன்ஸுக்கு இரு பக்கமும் 108தான். எனினும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பக்கங்களில் செல்பேசி அடுத்த மாநிலக் கோபுரத்தைப் பிடித்தால் அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும் என்பதால், எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், தோட்டத்தின் பெயர், லயத்துக்கு வண்டி வரும் பாதை ஆகியவற்றை இந்த வரிசையிலேயே சொல்ல வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பழக்கிவைக்க வேண்டும்.